பரிமாறியவரின் கூலி யார் கணக்கில்?

உணவகங்கள் ரசீதில் தாமாகவே சேர்த்து வசூலிக்கும் சேவைக் கட்டணம் சட்டத்திற்குப் புறம்பானது என்று தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. உணவக உரிமையாளர்களின் இரண்டு அகில இந்திய அமைப்புகள் தொடுத்திருந்த மனுக்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. இரு தரப்புக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் வழக்குச் செலவும் விதிக்கப்பட்டது. உரிமையாளர்கள் ஓயவில்லை, மேல்முறையீட்டுக்குச் சென்றனர். 2025 ஆகஸ்டில் அதை விசாரித்த தலைமை நீதிபதி அமர்வு, 20 ரூபாய்த் தண்ணீர்ப் புட்டிக்கு 100 ரூபாய் வாங்கும் நீங்கள், அதற்கு மேலும் சேவைக்கென்று தனியாக எதற்குக் கட்டணம் கேட்கிறீர்கள் என்ற பொருளில் வினவியது.

முதலாளித்துவ ஊடகங்கள் இந்த வழக்கை நுகர்வோருக்கும் உணவக உரிமையாளருக்கும் இடையிலான பிணக்காக மட்டுமே காட்டின. ஒரு பக்கம், உணவுக்குப் பணம் கொடுப்பவர். மறுபக்கம், அதை வாங்கிக் கல்லாவில் போடுபவர். இருவருக்கும் நடுவே தட்டேந்தி நிற்கும் மூன்றாமவர் ஒருவர் உண்டு. வழக்கு முழுவதும் அவருடைய பெயரைச் சொல்லியே வாதாடப்பட்டது. ஆனால் வழக்கின் தலைப்பில் அவர் இல்லை. மனுதாரராகவும் இல்லை, எதிர்மனுதாரராகவும் இல்லை. சப்ளையர், சர்வர், வெயிட்டர், பாத்திரம் துலக்குபவர், அடுப்படி உதவியாளர் எனப் பெயர் எதுவாயினும், தொழிலாளியின் கூலியைத் தருவது யார் பொறுப்பு என்ற கேள்வி இந்த ஆரவாரத்தில் காணாமற் போய்விட்டது. இடதுசாரிகள் எழுப்ப வேண்டிய கேள்வி அதுவே.

கோல் மார்க்கெட்டிலிருந்து கன்னாட் பிளேஸ் வரை

புதுதில்லியின் கோல் மார்க்கெட், காலனி ஆட்சியினர் புதிய தலைநகரை எழுப்பிய காலத்தில், 1921இல் கட்டப்பட்ட அங்காடி. சாலைகள் கூடும் வட்டத்தின் நடுவே பன்னிரண்டு பக்கங்களுடன் நிற்கும் அந்தக் கட்டடத்தைச் சுற்றி அரசு ஊழியர் குடியிருப்புகள் வளர்ந்தன. மத்திய அரசு அலுவலகங்களுக்கு எழுத்தர்களாக வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்பகுதியே முதல் தில்லியாக இருந்தது. தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளி ஒன்று அருகிலுள்ள மந்திர் மார்க்கில் இன்றும் இயங்குகிறது. மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு அலுவலகமான ஏ.கே.ஜி. பவன் அமைந்திருப்பதும் இதே கோல் மார்க்கெட்டின் பாய் வீர் சிங் மார்க்கில்தான்.

பழைய அங்காடியின் கடைகள் காலி செய்யப்பட்டுவிட்டன. அதை அருங்காட்சியகமாக்கும் திட்டத்தைப் புதுதில்லி நகராட்சி மன்றம் மேற்கொண்டுள்ளது. இங்கிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் கன்னாட் பிளேஸ். அங்கே, இருவர் அமர்ந்து உண்டு எழுந்தால் சில ஆயிரங்களை விழுங்கிவிடும் உணவகங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றின் வாசலில் கதவு திறப்பவர், மேசைக்கு அழைத்துச் செல்பவர், குறிப்பேட்டுடன் நிற்பவர், கண்ணுக்குத் தெரியாத அடுப்படியில் வேகுபவர் ஆகியோரில் பெரும்பாலோர் உத்தராகண்டின் மலை மாவட்டங்கள், பீகார், ஒடிசா, வடகிழக்கு மாநிலங்கள், நேபாளம் ஆகிய இடங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

நண்பர்களுடன் இத்தகைய உணவகத்துக்குச் செல்வது இன்று பெருநகர நடுத்தர வர்க்கத்தின் வாழ்வில் இயல்பான ஒன்றாகிவிட்டது. பதவி உயர்வு, பிறந்தநாள், பழைய கல்லூரித் தோழர்களின் சந்திப்பு என்று காரணங்கள் பல. கட்சி உறுப்பினர்களின் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. வங்கியிலோ, காப்பீட்டுத் துறையிலோ, மென்பொருள் நிறுவனத்திலோ பணியாற்றும் தோழர்கள் அங்கே அமர்ந்து உண்பதில் குற்றமொன்றும் இல்லை. நல்ல உணவை நண்பர்களோடு பகிர்ந்து உண்ணும் இன்பம் எல்லா மனிதருக்கும் உரியது. உழைப்பவருக்கு அது கிட்டவில்லை என்பதே குறை. எனவே இங்கே விசாரிக்கப்பட வேண்டியது உண்பவரின் இன்பம் அன்று. உண்டு முடித்தபின் வரும் அந்தச் சிறிய காகிதம்.

ரசீது சொல்லும் கணக்கு

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நண்பர்கள் நால்வர் உண்ட உணவின் விலை 8,000 ரூபாய் என்று கொள்வோம். அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் 800 ரூபாய். இரண்டையும் கூட்டிய 8,800 ரூபாயின் மேல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. 440 ரூபாய். ஆக மொத்தம் 9,240 ரூபாய். சேவைக் கட்டணத்திற்கும் சேர்த்தே வரி செலுத்த வேண்டியிருப்பதை நீதிமன்றம் நுகர்வோர் மீதான இரட்டைச் சுமையாகக் கண்டது. அது சரியே.

இந்த 800 ரூபாயை மற்றொரு எண்ணின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2025 ஏப்ரல் 1 முதல் தில்லி அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம், திறன்சாராத் தொழிலாளிக்கு மாதம் 18,456 ரூபாய். 26 வேலை நாட்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 710 ரூபாய். நால்வர் அமர்ந்த ஒரே மேசையில், ஒரே இரவில், தொழிலாளியின் பெயரைச் சொல்லி வசூலிக்கப்பட்ட தொகை, சட்டம் ஒரு தொழிலாளிக்கு வகுத்த ஒரு நாள் கூலியை விட அதிகம். ஓர் இரவில் எத்தனை மேசைகள்! அந்தப் பணம் முழுவதும் உழைத்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் தில்லியின் ஓட்டல் தொழிலாளர்கள் ஓர் அறைக்குள் எட்டுப் பேராக நெருக்கியடித்துப் படுத்துறங்க வேண்டியிருக்காது.

அது போய்ச் சேருகிறதா? எவ்வளவு சேருகிறது? சேவைக் கட்டணத்தைத் தொழிலாளர்க்குப் பிரித்துக் கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இந்நாட்டில் இல்லை. வசூலான தொகை எவ்வளவு, பகிர்ந்தளித்தது எவ்வளவு என்ற கணக்கை உணவகத்தின் சுவரில் ஒட்ட வேண்டியதும் இல்லை. சங்கம் வலுவாக உள்ள சில பெரிய ஓட்டல்களில் ஒப்பந்தத்தின் வழியே பங்கு உறுதி செய்யப்பட்டிருக்கலாம். சங்கமே இல்லாத இடங்களில் முதலாளியின் மனமே சட்டம். உடைந்த கண்ணாடிக் குவளைக்கும், பணம் தராமல் நழுவிய வாடிக்கையாளருக்கும் அந்தத் தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளும் மனம் அது.

பெயரை மாற்றினால் பொருள் மாறுமா?

இந்தப் பிணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. சேவைக் கட்டணம் வாடிக்கையாளரின் விருப்பத்திற்கு உட்பட்டது என்று ஒன்றிய நுகர்வோர் நலத் துறை 2017 ஏப்ரலிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தெளிவான விதிகளை வகுத்தது: சேவைக் கட்டணத்தைத் தானாக ரசீதில் சேர்க்கக் கூடாது; வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது; கொடுக்குமாறு கட்டாயப்படுத்தக் கூடாது; கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது; அதை உணவு விலையோடு கூட்டி வரி போடக் கூடாது. உரிமையாளர் அமைப்புகள் உயர்நீதிமன்றம் சென்றன. அம்மாதம் 20ஆம் நாளே இடைக்காலத் தடையும் பெற்றன. இடைக்காலத் தடையின் நிழலில் வசூல் தொடர்ந்தது. இறுதித் தீர்ப்பு வர இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையே, 2023 செப்டம்பரில் வழக்கு ஒரு வேடிக்கையான திருப்பத்தைச் சந்தித்தது. சேவைக் கட்டணம் என்ற சொல் அரசு விதிக்கும் வரியோ என்ற மயக்கத்தை உண்டாக்குவதால், அதைப் ‘பணியாளர் பங்களிப்பு’ என்று அழைக்கலாம், அது 10 சதவீதத்தை மீறக் கூடாது என்று மனுதாரர்களில் ஓர் அமைப்பின் உறுப்பினர்களுக்கு இடைக்கால ஏற்பாடு செய்யப்பட்டது. இச்சொல்லை நிறுத்தி நிதானித்து வாசிக்க வேண்டும். பணியாளருக்கு யார் பங்களிக்க வேண்டும்? அவரை வேலைக்கு அமர்த்தியவர் கூலி கொடுக்கிறார் என்றால் அதற்குப் பங்களிப்பு என்று பெயர் வராது. பங்களிப்பு என்று சொல்லிவிட்டால், கொடுக்க வேண்டியது வேறொருவர் என்றாகிறது. கொடுக்காமல் இருப்பதும் அவர் விருப்பம் என்றாகிறது. உரிமையாக இருந்த கூலி, ஒரு சொல்லின் வழியே, நன்கொடையின் வரிசையில் போய் நிற்கிறது.

சொற்களில் செய்யப்படும் இந்தக் களவு புதிதன்று. வீட்டு வாசலில் வந்து நின்ற அறிமுகமில்லாதவரை வரவேற்று உணவளிப்பதைத் தமிழர் விருந்தோம்பல் என்றனர். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். காசு வாங்கிக்கொண்டு உணவு விற்கும் பெருமுதலாளிகள் இன்று தம் வணிகத்துக்கு அதே பெயரைச் சூட்டி ‘விருந்தோம்பல் தொழில்’ என்கின்றனர். பணம் கொடுப்பவர் விருந்தினர் ஆகிறார்; கூலிக்கு உழைப்பவர் ‘குழு உறுப்பினர்’ ஆகிறார். முதலாளி மட்டும் எந்தச் சொல்லிலும் தென்படுவதில்லை.

ஒரே வாய், மூன்று நாக்கு

உணவக முதலாளிகள் நீதிமன்றங்களில் பேசிவந்ததை வரிசைப்படுத்தினால் அவர்களின் நேர்மை விளங்கும்.

முதல் நாக்கு, தொழிலாளி கூலி உயர்வு கேட்கும்போது பேசுகிறது. ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை ஓட்டலுக்கும் ராஜஸ்தான் ஓட்டல் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், தொழிலாளர்க்கு டிப்ஸ் கிடைக்கிறதே, ஊதியத்தை நிர்ணயிக்கும்போது அதையும் கணக்கில் கொள்ள வேண்டாமா என்று நிர்வாகம் வாதிட்டது. 1976இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. வாடிக்கையாளர் கொடுப்பதைக் காட்டித் தன் கடமையை நிர்வாகம் குறைத்துக்கொள்ள முடியாது என்பதே அதன் சாரம்.

இரண்டாம் நாக்கு, அரசுத் துறைகளின் முன் பேசுகிறது. கடன் அட்டை வழியே வாடிக்கையாளர் தந்து, ஓட்டல் வாங்கித் தொழிலாளர்க்குப் பகிர்ந்த டிப்ஸ், சம்பளத்தின் பகுதியா என்ற கேள்வி ஐ.டி.சி. நிறுவனத்தின் வழக்கில் எழுந்தது. இல்லை, அது வாடிக்கையாளரின் பணம், நாங்கள் கை மாற்றிவிடுபவர்கள் மட்டுமே என்று நிறுவனம் வாதிட்டது. 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. வேலை ஒப்பந்தத்தின்படி முதலாளியிடம் அதைக் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளிக்கு இல்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கிலும், ஓட்டல் வசூலித்துப் பகிரும் சேவைக் கட்டணம் ஊதியமாகாது என்றே முடிவாயிற்று. வரி பிடித்தம் இல்லை என்பது தொழிலாளிக்குச் சிறிய நிம்மதி. ஆனால் காப்பீட்டுக்கும் முதுமைக்காலச் சேமிப்புக்கும் அடிப்படையாகும் ஊதியக் கணக்கில் அந்தப் பணம் ஏறுவதில்லை. நோயுற்ற நாளிலும் வேலை இழந்த நாளிலும் அது அவர் கையில் நிற்பதில்லை.

மூன்றாம் நாக்கு, 2022 முதல் தில்லி உயர்நீதிமன்றத்தில் பேசியது. சேவைக் கட்டணம் தொழிலாளர்களின் வருவாய், அடுப்படியில் இருப்பவர் வரை அனைவருக்கும் பகிர்ந்தளிக்கப்படுவது, அதைத் தடுத்தால் அவர்களின் வாழ்வு பாதிக்கும் என்று அது உருகியது.

கூலி கேட்டால், ‘டிப்ஸ்தான் கிடைக்கிறதே!’ காப்பீடு கேட்டால், ‘அது கூலியே அன்று!’ வாடிக்கையாளர் கேள்வி கேட்டால், ‘ஐயோ, அது தொழிலாளியின் கூலி!’ மூன்றும் ஒரே வர்க்கத்தின் வாயிலிருந்து வந்தவை. மூன்றுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாகத் தோன்றலாம். உண்மையில் மூன்றும் ஒரே நோக்கம் கொண்டவை: முதலாளி தர வேண்டிய கூலியின் ஒரு பகுதியை அவர் கணக்கிலிருந்து விடுவிப்பது.

மறைக்கப்படும் உறவு

ஓட்டல் சமையற்காரரையும் பரிமாறுபவரையும் எடுத்துக்காட்டாக வைத்து மார்க்ஸ் ஒரு முக்கியமான வேறுபாட்டை விளக்கியிருக்கிறார். உபரி மதிப்புக் கோட்பாடுகள் என்ற நூலில், ஒரு செல்வந்தர் தன் வீட்டில் சமையற்காரரை வைத்துக்கொண்டால் அந்த உழைப்பு அவருக்கு மூலதனத்தைப் பெருக்கித் தருவதில்லை. அவர் தன் வருவாயிலிருந்து செலவு செய்கிறார். அதே சமையற்காரர் ஓட்டலில் வேலை செய்தால், ஓட்டல் உரிமையாளருக்கு அவரது உழைப்பு மூலதனமாக மாறுகிறது. செய்யும் வேலை ஒன்றே. கரண்டியும் அடுப்பும் மாறவில்லை. மாறியது சமூக உறவு.

சேவைக் கட்டணமும் டிப்ஸும் இந்த உறவைத் தலைகீழாகக் காட்டுகின்றன. மேசையில் அமர்ந்த நண்பர்கள் நால்வரும் அன்றிரவு அந்தப் பரிமாறுபவரின் எசமானர்களாக ஆக்கப்படுகிறார்கள். அவர் சிரித்தாரா, குனிந்து பேசினாரா, தண்ணீரைக் கேட்கும் முன் நிரப்பினாரா என்று பார்த்து அவர்கள் அளந்து கொடுக்கிறார்கள். கூலியோடு மேற்பார்வைப் பொறுப்பும் முதலாளியின் கையிலிருந்து வாடிக்கையாளருக்கு மாற்றப்படுகிறது. தொழிலாளியின் கண்ணுக்கு, தன் வருவாயைத் தீர்மானிப்பவர் எதிரே அமர்ந்திருக்கும் மனிதராகத் தெரிகிறார். உபரியை எடுத்துச் செல்பவர் கல்லாவுக்குப் பின்னால், சில வேளைகளில் வேறு நகரத்தில், அமைதியாக அமர்ந்திருக்கிறார். கூலி குறைந்தால் கோபம் கஞ்சத்தனமான வாடிக்கையாளர் மீது திரும்புகிறது. ரசீது பெருத்தால் வாடிக்கையாளரின் கோபம் பரிமாறியவர் மீது திரும்புகிறது. உழைத்து வாழும் இரு பிரிவினர் மேசையின் இருபுறமும் நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ள, மூன்றாமவருக்கு லாபம்.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. வணிகத்தின் இடர் தொழிலாளியின் தலையில் ஏற்றப்படுகிறது. முழுக் கூலி பெறும் தொழிலாளிக்கு, கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் மாத முடிவில் ஊதியம் உண்டு. வாடிக்கையாளரின் ரசீதையே நம்பி வாழ்பவருக்கு, கூட்டமில்லாத இரவு பட்டினி இரவு. 2020 மார்ச்சில் நான்கு மணி நேர முன்னறிவிப்போடு நாடு தழுவிய பொதுமுடக்கம் வந்தபோது உணவகங்கள் மூடப்பட்டன. சேவைக் கட்டணம் என்ற ஊற்று ஒரே நாளில் வற்றியது. ‘குழு உறுப்பினர்கள்’ ஊர்களை நோக்கி நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள்.

அடுப்படியின் நிலையோ இதனினும் கொடிது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் கோவாவின் அர்போராவில் இரவு விடுதி ஒன்று தீப்பிடித்து 25 பேர் மாண்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த புலம்பெயர் தொழிலாளர்கள்; கீழ்த்தளத்தில் சிக்கி மூச்சுத் திணறியவர்கள் அவர்களில் பலர். விலைப்பட்டியலின் பளபளப்புக்குப் பின்னால், வெளியேற வழியற்ற அறையில் மனிதர்கள் வேலை செய்கிறார்கள் என்பதை மேலே அமர்ந்து உண்பவர்கள் அறிவதில்லை.

தாராள மனம் தீர்வாகுமா?

இரண்டு தவறான பதில்கள் நம் நண்பர்கள் வட்டாரத்தில் செல்வாக்குப் பெற்றுள்ளன.

முதல் பதில், நுகர்வோர் வெற்றி முழக்கம். ‘தீர்ப்பு வந்துவிட்டது, சேவைக் கட்டணத்தை நீக்கச் சொன்னேன், 800 ரூபாய் மிச்சம்’ என்று பெருமை பேசுவது. சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஏமாற்று வசூலை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தொகையில் ஒரு பங்காவது தொழிலாளிக்குப் போய்க்கொண்டிருந்த இடத்தில், கூலியை உயர்த்தாமல் கட்டணத்தை மட்டும் நீக்கினால் அது அவருக்குக் கூலி வெட்டு. நுகர்வோரின் வெற்றி தொழிலாளியின் தோல்வியாக முடிவதை ஒரு தொழிலாளி வர்க்கக் கட்சியின் உறுப்பினர் கொண்டாட முடியாது.

இரண்டாவது பதில், தாராளவாதியின் ஈகை. ‘பாவம், அவர்களுக்குச் சம்பளம் குறைவு, நான் எப்போதும் 15 சதவீதம் வைத்துவிடுவேன்’ என்பது. தனிமனிதரின் இந்த நல்லெண்ணம் மதிப்புக்குரியது. சமூக ஏற்பாடாக அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. உள்நாட்டுப் போருக்குப் பின், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைப் புல்மன் நிறுவனம் ரயில் படுக்கைப் பெட்டிகளில் பணியாட்களாக அமர்த்தியது. அற்பக் கூலி கொடுத்து, மிச்சத்தைப் பயணிகளின் டிப்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று விட்டது. அத்தொழிலாளர்கள் 1925இல் சங்கம் கண்டு, பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் போராடி, 1937இல்தான் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கண்டனர். ஆனால் அந்த வழக்கம் உணவகங்களில் நிலைபெற்றுவிட்டது. டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய ஒன்றிய அளவிலான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அது ஒரு காசும் உயரவில்லை. தாராளமாக டிப்ஸ் கொடுக்கும் நாடு என்று பெயர் பெற்ற நாட்டின் நிலை இது. வாடிக்கையாளரின் ஈகை பெருகப் பெருக, முதலாளியின் கடமை சுருங்குகிறது.

பிரிட்டனில் தொழிற்சங்கங்களின் நீண்ட வற்புறுத்தலுக்குப் பின், டிப்ஸையும் சேவைக் கட்டணத்தையும் முழுமையாகத் தொழிலாளர்க்கே பகிர்ந்தளிக்க வேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரான்சில் விலைப்பட்டியலில் அச்சிட்ட விலையிலேயே சேவையும் அடங்கும். இவை சோசலிசம் அல்ல. முதலாளித்துவ நாடுகளிலேயே போராடிப் பெறக்கூடியவை. இங்கே அவற்றைக் கேட்டால் தொழிலே அழிந்துவிடும் என்கிறார்கள் முதலாளிகள்.

அழியாது. மத்திய ஆணையத்தின் விதிகளே இதற்கு விடை சொல்கின்றன. உணவின் விலையை நிர்ணயிக்கும் உரிமை உணவகத்துக்கு உண்டு. சேவை அந்த விலையிலேயே அடங்கியது. தொழிலாளிக்கு முறையான கூலி தர 8,000 ரூபாய் போதாது என்றால் விலைப்பட்டியலில் 8,800 என்று அச்சிட வேண்டியதுதானே? அச்சிட மாட்டார்கள். அச்சிட்டால் அது வணிக வருவாய். அதிலிருந்து தரப்படுவது கூலி. கூலி என்றால் வருகைப் பதிவேடு, காப்பீடு, சேமநல நிதி, மிகைநேர ஊதியம், பணிக்கொடை எல்லாம் பின்தொடரும். ரசீதின் அடியில் தனி வரியாக அதை ஒதுக்கிவைத்திருப்பதன் பொருளாதாரம் இதுவே.

கோல் மார்க்கெட் அருகே ஒரு மாற்று

உணவகம் என்றால் முதலாளி இருந்தே தீர வேண்டுமா? அருகிலேயே இருக்கிறது அதற்கான விடை.

காபி வாரியம் நாடு முழுவதும் நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1950களில் மூட முடிவு செய்தது. தொழிலாளர்கள் தெருவுக்குத் தள்ளப்பட்டனர். அப்போது மக்களவையில் கம்யூனிஸ்ட் குழுவின் தலைவராக இருந்த தோழர் ஏ.கே.கோபாலன் அவர்களோடு நின்றார். வேலை கேட்டுப் போராடியதோடு அவர் நிறுத்தவில்லை. நிறுவனத்தையே நீங்கள் எடுத்து நடத்துங்கள் என்று தொழிலாளர்க்கு வழிகாட்டினார். 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில் முதல் இந்தியக் காபித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று தொழிலாளர்களின் முதல் இந்தியன் காபி ஹவுஸ் புதுதில்லியில் திறக்கப்பட்டது. மறு ஆண்டு கேரளத்தின் திருச்சூரிலும் அது வேர்விட்டது. நேற்றுவரை உத்தரவுக்குக் காத்து நின்றவர்கள் நிர்வாகக் குழுவைத் தாமே தேர்ந்தெடுத்தார்கள்.

கன்னாட் பிளேசில் இருந்த தில்லி காபி ஹவுஸ் நெருக்கடி நிலைக் காலத்தில் இடிக்கப்பட்டது. அரசை விமர்சிப்போர் கூடும் இடமாக இருந்தது அது செய்த குற்றம். பின்னர் அது பாபா கரக் சிங் மார்க்கிலுள்ள மோகன் சிங் பிளேசுக்கு இடம்பெயர்ந்தது. கோல் மார்க்கெட்டிலிருந்து அது கூப்பிடு தூரம். அங்கும் நண்பர்கள் கூடுகிறார்கள், மணிக்கணக்கில் பேசுகிறார்கள், எழுந்து போகும்படி யாரும் பார்வையால் விரட்டுவதில்லை.

காபி ஹவுஸ் சொர்க்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. வாடகை, பெருநிறுவனக் காபிக் கடைகளின் போட்டி, நட்டம், மூடப்படும் என்ற அச்சம் அனைத்தையும் தில்லி காபி ஹவுஸ் கண்டிருக்கிறது. முதலாளித்துவக் கடலில் ஒரு கூட்டுறவுத் தீவு எத்தனை இடர்ப்படும் என்பதற்கும் அதுவே சான்று. ஆயினும் அது ஒன்றை நிறுவிவிட்டது. பரிமாறுபவரின் கூலியை வாடிக்கையாளரின் இரக்கத்தில் தொங்கவிடாமலும் ஓர் உணவகத்தை நடத்த முடியும். அதுவும் ஏழை எளியவர் உள்ளே வந்து அமரக்கூடிய விலையில்.

செய்ய வேண்டியவை

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் கோடிக்கணக்கான தொழிலாளர்கள் தெரிவித்த எதிர்ப்பை மீறி இது செய்யப்பட்டது. 300க்குக் குறைவான தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கு நிலையாணைகள் பொருந்தா. நாட்டில் எத்தனை உணவகங்களில் 300 தொழிலாளர்கள் இருப்பார்கள்? குறித்த காலத்துக்கு மட்டும் வேலைக்கு அமர்த்தும் முறையும் சட்டமாகிவிட்டது. பகலில் சில மணி நேரம், இடையே கூலியில்லாத ஓய்வு, மீண்டும் நள்ளிரவு வரை என்று நாளையே இரண்டாகப் பிளக்கும் ‘பிரேக் ஷிப்டு’ முறையில் உழலும் ஓட்டல் தொழிலாளியைச் சட்டத்தின் கைகள் மேலும் நழுவவிடுகின்றன.

எனவே ஓட்டல் தொழிலாளர்களை அமைப்பாக்கும் பணி அவசரமாகிறது. சேவைக் கட்டணம் நீக்கப்படும் இடங்களில் தொழிலாளியின் மொத்த வருவாய் ஒரு ரூபாயும் குறையாதபடி அது அடிப்படை ஊதியத்தோடு இணைக்கப்பட வேண்டும். விருப்பத்தின் பேரில் வாடிக்கையாளர் தரும் தொகை முழுவதும் அடுப்படி உள்ளிட்ட தொழிலாளர்க்கே சேர வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட வேண்டும். அந்தக் கணக்கு மாதந்தோறும் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டப்பட வேண்டும். குறைந்தபட்ச ஊதியமும் வேலை நேரமும் ஆய்வாளர் நேரில் வந்து சரிபார்க்கும் நடைமுறை திரும்ப வேண்டும். அடுப்படிகளின் தீத் தடுப்பும் வெளியேறும் வழிகளும் தொழிலாளர் பிரதிநிதியின் முன்னிலையில் சோதிக்கப்பட வேண்டும். இந்தக் கோரிக்கைகளை ஓட்டல் தொழிலாளர் சங்கங்கள் மட்டும் தூக்கிச் சுமக்க முடியாது. வங்கி, காப்பீடு, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் உறுப்பினர்கள்தாம் அந்த மேசைகளில் அமர்பவர்கள். அவர்களுடைய சங்கங்களும் துணை நிற்க வேண்டும்.

இறுதியாக, நண்பர்களோடு உண்ணச் செல்லும் தோழர்க்கு ஒன்று. ரசீதில் சேவைக் கட்டணம் இருந்தால் அதை நீக்கச் சொல்லும் உரிமை உண்டு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யும் உரிமையும் உண்டு. அதை நீக்கச் சொல்வதற்கு முன், பரிமாறியவரிடம் இல்லாமல் மேலாளரை அழைத்து, சென்ற மாதம் இவ்வாறு வசூலித்த தொகை எவ்வளவு, அதில் தொழிலாளர்க்குக் கொடுத்தது எவ்வளவு, கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். நால்வர் அமர்ந்த மேசையிலிருந்து நால்வரும் கேட்க வேண்டும். மேலாளர் விழிப்பார். அருகில் தட்டேந்தி நிற்பவர் பதில் பேச மாட்டார். பேசினால் மறுநாள் வேலை இருக்காது. ஆனால் தன் கூலியைப் பற்றிய கேள்வி சரியான ஆளிடம் கேட்கப்பட்டதை அவர் கேட்டிருப்பார். சங்கத்தின் துண்டறிக்கை அவர் கைக்கு வரும் நாளில் அது நினைவுக்கு வரும்.